தாஹோவுக்கு குடும்பத்தோட ஸ்கீ ட்ரிப், எவ்ளோ ஆகும்? கேளுங்க, சொல்றேன்

சான் ஃப்ரான்சிஸ்கோ பக்கம் பே ஏரியா வந்து 11 விண்டர் ஆச்சு, அதுல 9 தடவ தாஹோ போயாச்சு, அதாங்க கலிஃபோர்னியா-நெவாடா எல்லைல மலை மேல இருக்கற பெரிய ஏரி, சுத்தி ஸ்கீ ரிசார்ட்டுங்க. நான் ஒண்ணும் பெரிய ஸ்கீயர் கெடையாது, இன்னும் ப்ளூ ரன்ல (நடுத்தரமான சரிவு) நின்னு நின்னு தான் எறங்குவேன், என் பொண்ணு கீழ போயி திரும்ப மேல வந்து என்னைத் தாண்டிப் போவா. ஆனா செலவுக் கணக்கு எழுதற நோட்டு என் கையில தான் இருக்கு. அதனால பணம் சம்பந்தமா என்ன வேணா கேளுங்க.

அக்கா, நாங்க ஃப்ரீமாண்ட். நான், அவர், 9 வயசு, 6 வயசுன்னு ரெண்டு பசங்க. யாருக்கும் ஸ்கீ தெரியாது. 3 நாள் போனா மொத்தமா எவ்ளோ ஆகும்? ஒரு நம்பர் சொல்லுங்க ப்ளீஸ்.

ஒரு நம்பர் சொன்னா அது பொய்யாயிடும்மா, ரெண்டு நம்பர் சொல்றேன். நாங்க மொத தடவ போனது பிப்ரவரில வர்ற பிரசிடெண்ட்ஸ் டே லாங் வீக்கெண்ட்ல, ஒண்ணும் தெரியாம, 10 நாளைக்கு முன்னாடி புக் பண்ணி. ஹோட்டல் 2 ராத்திரிக்கு 780, லிஃப்ட் டிக்கெட் (ஸ்கீயோட மலை மேல கொண்டு விடற நாற்காலிக்கு), ரெண்டல், லெசன் எல்லாம் சேந்து 1,310, சாப்பாடு 290, பனில வழுக்காம இருக்க டயர்ல மாட்டற செயின் வாங்குனது மாட்டுனது 150, பெட்ரோல் 75. கூட்டிப் பாத்தா 2,605 டாலர். இதுல கொடுமை என்னன்னா, அவ்ளோ பெரிய மலைக்கு டிக்கெட் வாங்கிட்டு ரெண்டு நாளும் அடிவாரத்துல மேஜிக் கார்பெட்லயே தான் போய்ட்டு வந்தோம், அதாங்க ஏர்போர்ட்ல இருக்கற மாதிரி மெதுவா நகர்ற பெல்ட்டு, அதுல நின்னா மேல கொண்டு விடும். மேல இருக்கற லிஃப்ட் ஒண்ணைக் கூட தொடல.

போன ஜனவரில அதே நாலு பேர், 2 ராத்திரி, வார நாள். கேபின இன்னொரு குடும்பத்தோட பங்கு போட்டதுல எங்க பங்கு 230, முன்னாடியே வாங்கின டே பாஸ் நாலு பேருக்கு 2 நாளைக்கு 560, சாப்பாடு 90, பெட்ரோல் 80. மொத்தம் 960. பூட்ஸ், ஸ்கீ எல்லாம் சீசன் ஆரம்பத்துலயே வாடகைக்கு எடுத்துட்டதால அந்தக் கணக்கு இதுல வரல.

உங்க கேஸுக்கு, மொத தடவைங்கறதால, பெரிய ரிசார்ட்டே வேண்டாம். போரியல், சோடா ஸ்ப்ரிங்ஸ், தாஹோ டானர் இதெல்லாம் சின்ன மலை, நீங்க எறங்கப் போறதும் சின்ன சரிவு தான். டிக்கெட், ரெண்டல், லெசன் மூணும் சேந்த பிகினர் பேக்கேஜ் எங்க கெடைக்குதுன்னு பாருங்க. ஜனவரி மாசத்தை இங்க 'ஸ்கீ கத்துக்கற மாசம்'னே கொண்டாடறாங்க, அப்ப பேக்கேஜ்ல தள்ளுபடி வரும்.

எபிக் பாஸா ஐகான் பாஸா? ஆபீஸ்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ரெண்டுமே பல ஸ்கீ மலைக்கு சேத்து வாங்கற சீசன் பாஸ், நீங்க எந்த மலைக்குப் போறீங்களோ அதைப் பொறுத்து தான். எபிக் வெய்ல் கம்பெனியோடது, தாஹோல ஹெவன்லி, நார்த்ஸ்டார், கிர்க்வுட் மூணும் அதுல வரும். ஐகான் ஆல்டெராவோடது, அதுல இங்க பாலிசேட்ஸ் (1960 விண்டர் ஒலிம்பிக்ஸ் நடந்த எடம்). வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள் தான் போவீங்கன்னா முழு பாஸ் வாங்காதீங்க, எபிக்ல 1 நாள்லேர்ந்து 7 நாள் வரைக்கும் டே பாஸ் இருக்கு, வேணுங்கற நாளுக்கு மட்டும் வாங்கிக்கலாம்.

முக்கியமான விஷயம், இதெல்லாம் மார்ச் மாச வாக்குலயே விக்க ஆரம்பிச்சு வெல படிப்படியா ஏறும், டிசம்பர் ஆரம்பத்துல விக்கறதையே நிறுத்திடுவாங்க. அதுக்கப்புறம் கவுண்டர்ல நின்னு வாங்கினா உச்ச நாள்ல ஒரு பெரியாளுக்கு ஒரு நாளைக்கே 200 டாலருக்கு மேல. அதே மலை, அதே பனி, வாங்கற தேதி தான் வேற. நான் தீவாளி பர்சேஸ் முடிச்ச கையோட பாஸையும் வாங்கிடுவேன், அப்படி ஞாபகம் வெச்சுக்கிட்டா மறக்காது. பாஸ் வெச்சிருக்கற ஃப்ரெண்ட் யாராவது இருந்தா கேளுங்க, அவங்களுக்கு கூட வர்றவங்களுக்குன்னு கொஞ்சம் கொறஞ்ச வெலை டிக்கெட் வரும், பாதிப் பேர் அதை யூஸ் பண்றதே இல்ல.

எங்கது ஆல் வீல் டிரைவ் டெஸ்லா. செயின் வாங்கணுமா? 100 டாலர் தண்டம் தானே?

தண்டம் இல்ல ப்ரோ. தாஹோவுக்கு ஏர்ற ஐ-80லயும் ஹைவே 50லயும் பனி கொட்டினா செயின் கண்ட்ரோல் போடுவாங்க, அதாவது செயின் மாட்டினா தான் மேல விடற ரூல். ஆர்1, ஆர்2, ஆர்3ன்னு மூணு நிலை. ஆர்2ல ஆல் வீல் டிரைவுக்கு விலக்கு உண்டு, ஆனா நாலு டயர்லயும் ஸ்னோ ட்ரெட் (பனில பிடிப்புக் குடுக்கற டயர் பள்ளம்) இருக்கணும், செயின் வண்டில இருக்கணும். ஆர்3ன்னா யாருக்கும் விலக்கு கெடையாது, அந்த நெலமைக்கு முன்னாடியே பெரும்பாலும் ரோடையே மூடிடுவாங்க.

எங்க கதையக் கேளுங்க. மொத வருஷம் செயின் இல்லாம கெளம்பிட்டோம். மலை ஏற ஆரம்பிக்கற எடத்துல ஒரு கடைல வாங்கினோம், ஊர்ல வாங்கியிருந்தா 60 டாலர், அங்க 110. சரின்னு ரோட்டோரம் நிறுத்தி எங்க வீட்டுக்காரர் மாட்டப் பாத்தார், வீட்ல ஒரு தடவ கூட ட்ரை பண்ணிப் பாக்கல, கையில கம்பளி க்ளவுஸ், அது நனைஞ்சு வெரல் மரத்துப் போச்சு, யூட்யூப்ல பாக்கலாம்னா சிக்னல் இல்ல, உள்ள பையன் ஒன் பாத்ரூம்ங்கறான், பொண்ணு பசிக்குதுங்கறா. 40 நிமிஷம் கழிச்சு நம்பர் போட்ட பேட்ஜ் குத்திக்கிட்டு ஒருத்தர் வந்தார், 40 டாலர் குடுத்தோம், 5 நிமிஷத்துல மாட்டிட்டுப் போய்ட்டார். அவங்க மாட்ட மட்டும் தான் செய்வாங்க, செயின் விக்க மாட்டாங்க, அதனால அவங்கள நம்பி வெறுங்கையோட போகாதீங்க. வாங்குங்க, கராஜ்ல ரெண்டு தடவ மாட்டிப் பாருங்க, பாத்திரம் வெளக்கற ரப்பர் க்ளவுஸ் ஒண்ணு டிக்கில போட்டு வைங்க. உங்க டயர் சைஸுக்கும் வீல் இடுக்குக்கும் எது சரியா வரும்னு மேனுவல் பாத்து வாங்குங்க.

ரெண்டல் கார்காரங்க பொதுவா செயின் மாட்டவே விட மாட்டாங்க, காண்ட்ராக்ட்ட படிங்க. அப்புறம் குளிர்ல பேட்டரி ரேஞ்ச் நல்லாவே கொறையும், ட்ராஃபிக்ல மாட்டினா ஹீட்டர் வேற ஓடணும், ஏர்றதுக்கு முன்னாடி ஃபுல் சார்ஜ் போட்டுக்கோங்க.

ட்ரெஸ் வாங்கவே ஆளுக்கு 300 ஆகும் போல இருக்கே அக்கா?

யாரு சொன்னா? ஜாக்கெட், பிப் (தோள்ல மாட்டற பனி பேண்ட்), காகிள்ஸ் எல்லாம் மொத தடவ ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கடன் வாங்குங்க, நம்ம அபார்ட்மெண்ட் வாட்ஸப் க்ரூப்ல கேட்டா ஒரு மணி நேரத்துல மூணு பேர் குடுப்பாங்க. காஸ்ட்கோல தெர்மல், க்ளவுஸ் வாங்கிக்கலாம். ஜீன்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு தடவ விழுந்தா ஊறிப் போயி நாள் பூரா ஈரம். பசங்களுக்கு பூட்ஸ், ஸ்கீ சீசன் ரெண்டல் எடுக்கறது பெஸ்ட், அடுத்த வருஷம் கால் வளந்துடும். ஊர்ல எடுத்தா இன்னொரு லாபம், ரிசார்ட்ல காலைல ரெண்டல் க்யூல நிக்கற நேரம் மிச்சம், அந்த ஒரு மணி நேரமும் நீங்க காசு குடுத்த மணி நேரம் தானே.

என் ஹஸ்பண்ட் லெசன் வேண்டாம், நானே சொல்லித் தரேன்ங்கறார். 4 நாள் ஸ்கீ பண்ணியிருக்கார்.

வேண்டாம்மா. காசு மிச்சம், கல்யாணம் சிக்கல் :) மத்த எல்லாத்துலயும் மிச்சம் பிடிங்க, க்ரூப் லெசன்ல மட்டும் கை வைக்காதீங்க. தனி லெசன் தேவையில்ல, பெரிய ரிசார்ட்ல முழு நாளுக்கு 1,000 டாலரைத் தாண்டும். க்ரூப்ல விட்டா போதும், பீட்சா துண்டு மாதிரி ஸ்கீ முனை ரெண்டையும் சேத்து வெச்சு நிக்கறதுக்கு மத்த பசங்களப் பாத்தே கத்துக்குவாங்க.

4 வயசு குட்டிக்கு லெசன் போடலாமா?

போடலாம், ஆனா எதிர்பார்ப்ப கொறச்சுக்கோங்க. என் சின்னவன் 4 வயசுல பூட்ஸ் போட்ட உடனே "கால் கடிக்குது"ன்னு அழ ஆரம்பிச்சவன், அரை மணி நேரத்துல ஹாட் சாக்லேட் குடிச்சுட்டு ஸ்னோல உக்காந்து கோபுரம் கட்டினான். அந்த ஹாட் சாக்லேட்டோட வெலை ஒரு முழு நாள் லெசன்னு வெச்சுக்கோங்க. 4 வயசு வரைக்கும் எபிக் மலைகள்ல லிஃப்ட் டிக்கெட் ஃப்ரீ, அதனால சும்மா கூட்டிட்டுப் போயி மூடு எப்படின்னு பாத்துட்டு அடுத்த வருஷம் லெசன் போடுங்க.

மாமனார் மாமியார் திருச்சிலேர்ந்து வந்திருக்காங்க. அவங்களுக்கு பனி பாக்கணும், ஸ்கீ எல்லாம் வேண்டாம். அவங்களுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?

எதுக்கு? ஸ்னோ பார்க்குனு கவர்மெண்ட் பார்க்கிங் எடங்க இருக்கு, ஒரு நாளைக்கு 15 டாலர், சீசனுக்கு 40 டாலர் பெர்மிட், நவம்பர் 1லேர்ந்து மே 30 வரைக்கும். வண்டிய நிறுத்திட்டு பனில விளையாடலாம், ஸ்லெட் (சறுக்குப் பலகை) மட்டும் கையில எடுத்துட்டுப் போங்க. மேலேர்ந்து ஏரியப் பாக்கணும்னா ஹெவன்லி கொண்டோலா, அதாங்க கம்பில தொங்கிட்டுப் போற ரோப் கார், 2.4 மைல் போகும், என் மாமியார் கண்ண மூடிக்கிட்டே போய் கண்ண மூடிக்கிட்டே வந்தாங்க, ஆனா ஊர்ல இன்னைக்கும் அந்தக் கதை தான் ஓடுது. ஒரு விஷயம், விசிட்டர் இன்சூரன்ஸ்ல நெறைய ப்ளான் ஸ்கீ விபத்தக் கவர் பண்ணாது, ஆசையா யாராவது "நானும் ஒரு தடவ"ன்னா அதப் படிச்சுப் பாத்துட்டு ஓகே சொல்லுங்க. குரங்குக் குல்லா மறக்க வேண்டாம்.

நாங்க வெஜ். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

கேபின்ல கிச்சன் இருக்கற மாதிரி எடுங்க, ஹோட்டலவிட ராத்திரிக்கு 50 டாலர் கூட ஆனாலும் சாப்பாட்டுல திரும்பி வந்துடும். ஆனா புக் பண்றப்ப க்ளீனிங் ஃபீ, டாக்ஸ் எல்லாம் சேத்த கடைசி நம்பரப் பாருங்க. குக்கர் இல்லாம போகாதீங்க, ஏரியே 6,200 அடிக்கு மேல இருக்கு, தண்ணி 94 டிகிரிலயே கொதிச்சுடும், தொறந்த பாத்திரத்துல துவரம்பருப்பு வேகவே வேகாது, நான் ஒரு ராத்திரி 9 மணி வரைக்கும் கிளறிக்கிட்டு நின்னேன். மதியத்துக்கு புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், ஃப்ளாஸ்க்ல ரசம். பார்க்கிங்ல டிக்கிய தொறந்து வெச்சு ரசம் ஊத்தினா பக்கத்து வண்டிக்காரங்க எட்டிப் பாப்பாங்க, ஒரு கப் குடுங்க.

சென்னைல இருக்கோம். குல்மர்க் சீப்பா இருக்குமா?

உங்களுக்கு நிச்சயம் அதான் சீப், அமெரிக்கா ஸ்விஸ் எல்லாம் யோசிக்கவே வேண்டாம். ஸ்ரீநகர் ஃப்ளைட் டிக்கெட் தான் பெரிய செலவு. கொண்டோலாவுக்கு ஆன்லைன்ல முன்னாடியே டிக்கெட் எடுத்துடுங்க, போய் பாத்துக்கலாம்னா ஏமாந்துடுவீங்க. ஸ்கீ வாடகை, கைடு, பூட்ஸ், கோட் எல்லாமே பேரம், மொத்தமா எவ்ளோ, எத்தன மணி நேரம்னு பேசி முடிச்சுட்டு கால உள்ள விடுங்க. ஒழுங்கா கத்துக்கணும்னா அங்க மத்திய அரசோட ஸ்கீ பயிற்சி நிறுவனமே இருக்கு, கோர்ஸ் நடத்தறாங்க.

அக்கா, நாங்கள் கனடா, ஸ்காபரோல இருக்கிறம். ப்ளூ மவுண்டன் போக யோசிக்கிறம், மகன் கிரேட் 4. எங்களுக்கும் ஏதும் விலைக்கழிவு இருக்கோ?

இருக்குங்க. கிரேட் 4, 5 பிள்ளைங்களுக்கு கனடா ஸ்கீ கவுன்சில் ஸ்னோபாஸ் குடுக்கறாங்க, சின்னத் தொகை தான், அதுல பல மலைகளுக்கு லிஃப்ட் டிக்கெட் வரும். ப்ளூ மவுண்டன் அதுல வருதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. தாஹோ கணக்க அப்படியே எடுக்காதீங்க, உங்களுக்கு காலைல போயி சாயங்காலம் வீடு திரும்பலாம், தங்கற செலவே இல்ல.

காத்து அடிச்சு லிஃப்ட் மூடிட்டா காசு திரும்ப வருமா?

ஒண்ணு ரெண்டு லிஃப்ட் மூடினா வராது, மத்த லிஃப்ட் ஓடுதுல்லன்னு சொல்லிடுவாங்க. ரிடர்ன் பாலிசிய முன்னாடியே படிங்க. நாங்க தேதிய ஃபிக்ஸ் பண்ணாத டே பாஸ் தான் வாங்குவோம், வெதர் பாத்துட்டு வியாழக்கெழம ராத்திரி தான் முடிவு.

பிப்ரவரில ஸ்கூல் ஒரு வாரம் லீவு, அப்ப தான் எங்களால முடியும். என்ன பண்ணலாம்?

அது ஸ்கீ வீக், பே ஏரியால நெறைய ஸ்கூலுக்கு அந்த வாரம் தான் லீவு, அதனால தான் வெலையும் அப்படி. வேற வழியே இல்லன்னா வீக்கெண்ட விட்டுட்டு செவ்வா பொதன் போங்க, பக்கத்து நெவாடால ரீனோங்கற ஊர்ல தங்குங்க, ரூம் பொதுவா தாஹோவவிட சல்லிசு (ரிசார்ட் ஃபீ தனியா போடுவாங்க, பாத்துக்கோங்க), அங்கேர்ந்து மவுண்ட் ரோஸ் ஸ்கீ ரிசார்ட் 25 மைல் தான். காலைல 7 மணிக்குள்ள கெளம்பிடுங்க. நாங்களும் அந்த வாரம் செவ்வாக்கெழம அங்க தான் இருப்போம், பார்க்கிங்ல ரசம் வாசனை வந்தா அது எங்க வண்டி.