மருந்தில்லாட்டி முந்திக் கண்டுபிடிச்சி என்னத்துக்கு? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணன்,

நான் மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம். அப்பா வயல் செய்றவர். போன பெரும்போகத்துக்கு முந்தியே நடக்கக்க வலது கால் செருப்பு தானா கழண்டு போகும். வாதம் எண்டு பரிகாரிட்ட எண்ணெய் பூசினம், மறுகா செய்வினை எண்டு நூலும் கட்டினம். பேச்சு குழறினாப் பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மோட்டார் நியூரோன் நோய் எண்டு தெரிஞ்சிது. மருந்தில்லாத வருத்தமாம். அப்ப முந்திக் கண்டுபிடிச்சிருந்தாலும் என்னத்துக்கு? பிந்தினது எங்கட பிழையா?

– ஒரு வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கட பிழை இல்ல. மூளையிலயும் முள்ளந்தண்டுலயும் இரிந்து தசைய ஆட்டுவிக்கிற நரம்புக் கலங்கள் ஒவ்வொண்டா சாகுற வருத்தம் இது, தொட்டா தெரியும் சுட்டா தெரியும் ஆனா கால தூக்க ஏலா, தொடக்கத்தில பெரிசா நோவும் இரிக்காது. நோவில்லாத காலுக்காக வயல விட்டுப்போட்டு ஆர் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க? வசதியான நாடுகள்லயே பேர் தெரிய சராசரியா ஒரு வருஷமளவு போகுது, ஏனெண்டா ஒரு ரத்தப் பரிசோதனையில பிடிபடாது, நரம்பு டொக்டர் பாத்து, நரம்பும் தசையும் வேலை செய்றத மின்சாரத்தால அளக்கிற இஎம்ஜி எடுத்து, ஸ்கேன் எடுத்து, மற்றதுகள் இல்லையெண்டு உறுதியாக்கித்தான் சொல்லுவார்.

அந்த "மற்றதுகள்"தான் உங்கட கேள்விக்கு முதல் பதில். கழுத்து முள்ளெலும்பு தேஞ்சி உள்ளுக்க போற முள்ளந்தண்டு நரம்பு நசிபட்டாலும் இப்பிடித்தான் தொடங்கும், அதுக்கு ஒப்பரேஷன் இரிக்கி. கை மெலிஞ்சி பலம் போற இன்னொரு நரம்பு வருத்தத்துக்கு இம்யூனோகுளோபுலின் எண்ட, ரத்தத்தில இரிந்து எடுக்கிற எதிர்ப்புச்சக்தி மருந்த ஏத்தினா பலருக்கு பலம் திரும்புது. எண்ணெயோட வருஷத்தக் கடத்துற எத்தினை பேர்ல ஒருத்தர் இப்பிடி சுகமாகக்கூடிய ஆளோ, அத நினைச்சாத்தான் எனக்கு நெஞ்சு கொதிக்கிது.

மோட்டார் நியூரோன்தான் எண்டாலும் நேரத்துக்கு செய்ய வேலை இரிக்கி. றிலூசோல் குளுசை 1995 இல இரிந்து இரிக்கி, அது ஆயுள சில மாசம்தான் கூட்டும். ராத்திரியில மாஸ்க் போட்டு மூச்சுக்கு உதவுற மெஷின் பலருக்கு அதவிட கூட உதவுது. விழுங்க ஏலாம வந்தா வயித்தில வைக்கிற குழாய், மூச்சுப் பலம் இரிக்கக்கயே வச்சாத்தான் ஆபத்து குறைவு.

பரிகாரிமார வெறுக்கிற ஆள் இல்ல நான். வாகரையிலயும் படுவான்கரையிலயும் சனம் முதல்ல போறது அவங்ககிட்டயும் பாமசிக்கும்தான், ஊட்டுக்கு வாறது குடும்பநல மாது. அப்ப அவங்களுக்குத்தான் முதல்ல தெரியோணும்: நோவில்லாம ஒரு கையோ காலோ நாளுக்குநாள் பலம் குறையிறது, பெருவிரலுக்குப் பக்கத்துச் சதை வத்துறது, சதை சும்மா துடிக்கிறது, குடிக்காத மனுசன் குடிச்ச மாதிரி கதைக்கிறது. கண்டா நியூரோலஜி கிளினிக்குக்கு அனுப்புங்க எண்டு டெங்குக்கு சொல்லுற மாதிரி இதையும் சொல்லலாம். வைகாசியில கண்ணகை அம்மன் சடங்குக்கு ஊரே கூடுது, காத்தான்குடியிலயும் அக்கரைப்பற்றிலயும் ஜும்மாவுக்குக் கூடுது, ஒலிபெருக்கியில அஞ்சு நிமிஷம் போதும்.

அப்பா நேரா படுத்தா மூச்சு முட்டுதா, விடிய எழும்பக்க தலையிடி இரிக்கா எண்டு கேளுங்க, இரிந்தா அடுத்த கிளினிக் வரைக்கும் பாத்திரிக்காம சொல்லி மூச்சுப் பலத்த அளக்கச் சொல்லுங்க. சாப்பாடு நிமிந்து இரிந்துதான், தேத்தண்ணி புரையேறினா அதையும் சொல்லுங்க. குழறினாலும் அவர்ர குரல இப்பவே போன்ல பதிஞ்சி வைங்க, புள்ளைகள்ர பேர அவர் கூப்பிடுற மாதிரியே. மறுகா, பரம்பரையா வாறது 10 பேர்ல ஒருத்தருக்கு அளவுலதான், கலியாணம் பேசுற ஊட்டில ஆரும் இத வச்சிக் கதைச்சா இந்தப் பதிலக் காட்டுங்க.