புயலில் ஒரு கிழமை கரண்ட் இல்லாவிட்டால் மட்டக்களப்பில் வீட்டுக்கு என்ன தயார் செய்ய வேண்டும்?

இன்வர்ட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிச்சமும் போன் சார்ஜும் பிறகு. முதலில் தட்டுப்படுவது தண்ணீர்தான். 1978 நவம்பர் 23 சூறாவளிக் காலத்தில் கிணற்றில் வாளி போட்டால் தண்ணீர் வந்தது. இப்போது பல வீடுகளில் கிணற்றுக்குக் கொங்கிரீட் மூடி போட்டு, மோட்டர் குழாய்க்கு மட்டும் ஓட்டை விட்டிருக்கிறார்கள். காலடியில் தண்ணீர் இருந்தும் அள்ள வழியில்லை.

மாரிக்கு முன்பே மூடியில் இரண்டடிச் சதுர வாய் வெட்டி, நுளம்பு போகாதபடி இறுக்கமான கதவு போடுங்கள். கயிறு கைவிரல் மொத்தமாவது இருக்கட்டும். மெல்லியது உள்ளங்கையைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் வாளி தண்ணீரில் மிதக்கும். அதன் விளிம்பில் ஒரு பக்கம் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டினால் சரிந்து தானே அமிழும். ஐந்து பேருக்கு நாளுக்கு 75 லீற்றர் வேண்டும், அதாவது பத்து லீற்றர் வாளியால் எட்டுத் தரம்.

வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் குளோரின் போடாமல் பாவிக்க வேண்டாம். நாலடி விட்டக் கிணற்றில் பத்தடித் தண்ணீர் என்றால் சுமார் 3,500 லீற்றர். அதற்கு 30 வீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 225 கிராம் அளவில் போதும். வாளியில் கரைத்து, மண்டி அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் விடுங்கள். உடைத்து வைத்த பழைய பவுடர் பக்கற்றில் வீரியம் இருக்காது. பிறகு மணம் குறையும்வரை அள்ளி ஊற்றுங்கள். குடிக்கும் தண்ணீரை எப்படியும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் மட்டும் கிணற்றை மோட்டர் வைத்து முழுதாக இறைத்துவிடாதீர்கள். அங்கே மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் உப்பு கிட்டத்தட்ட 40 அங்குலம் மேலே ஏறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு திரும்பத் திரும்ப இறைத்ததாலேயே உப்புப் போகாமல் இழுபட்ட கிணறுகள் இந்தக் கரையில் உண்டு.

ஜெனரேட்டர்தான் வேண்டுமென்றால், ஒரு குதிரைவலு மோட்டர் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரு கிலோவாற் ஜெனரேட்டரால் முடியாது, மூன்று கிலோவாற் பாருங்கள். அதை வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ ஓட்டவே கூடாது, புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டரைக் கரண்ட் வந்ததும் போடாமல், கழற்றிக் காயவைத்து, எலக்ரீசியனிடம் காட்டிய பிறகே போடுங்கள்.