கடிவாளத்தை இழுத்தாலும் குதிரை நிற்காமல் வேகமெடுக்கிறது. பிழை குதிரையிலா, என்னிலா?

பழகத் தொடங்கி மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்த இழுக்கிறீர்கள், அது இன்னும் ஓடுகிறது. உங்களைப் பார்க்காமலே சொல்கிறேன், இழுக்கிற நேரத்தில் உங்கள் முழங்கால் இரண்டும் சேணத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். மூச்சும் அடைபட்டிருக்கும். கை நில் என்கிறது, கால் போ என்கிறது. குதிரை எதைக் கேட்கும்?

நான் பயிற்சியாளன் இல்லை, கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சிக்காரன். தோகாவில் ஒரு லாயத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். முதல் இரண்டு வருடமும் லத்தி அள்ளி, தேய்த்துவிட்டு, தண்ணீர் வைத்ததுதான். பிறகுதான் காலையில் குதிரைகளில் ஏறி நடத்திப் பழக்கும் வேலையைத் தந்தார்கள். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் என்னைத் திருத்தலாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஒருநாள் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்றின் மேல் இருந்தேன். வெளி வீதியில் லொறி டயர் வெடித்தது. குதிரை காதை மட்டும் திருப்பியது. குனிந்தது நான்தான். 2009இல் போர் நடந்தபோது வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்துக்கு உடம்பு தானாக மடியும். தலை உள்ளே போகும், முதுகு முன்னே வளையும், முழங்கால் நெருங்கும். நினைத்துச் செய்வதில்லை. ஆனால் முன்னே சாய்ந்த பாரத்துக்கும் விலாவில் இறுகிய காலுக்கும் அந்தக் குதிரைக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான், ஓடு. ஓடியது. நான் கடிவாள வாரை இழுக்க இழுக்கத் தலையை மேலே தூக்கி, முதுகைப் பள்ளமாக்கிக்கொண்டு ஓடியது. வேலிக்குக் கிட்ட விழுந்து காறை எலும்பு உடைந்தது. குதிரைக்கு முரட்டுக் குணம் என்று அன்றைக்கு எழுதிவைத்தார்கள். அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம். நான் சொன்னதைக் கேட்ட குதிரை அது.

எலும்பு பொருந்தியபின் அங்கே வேலை செய்த வயதான பாகிஸ்தான்காரர் ஒருவர் என்னை அதே குதிரையில் ஏற்றினார். கால் வைக்கும் அங்கவடியைக் கழற்றிவிட்டு, நீளக் கயிற்றில் வட்டம் சுற்றவிட்டு, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணச் சொன்னார். அப்போதுதான் விளங்கியது. ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுகிற மிருகம் அது. உங்கள் பாரம் இடப்பக்கம் கொஞ்சம் கூடினாலும் அதற்குத் தெரியும். நடையில் நான்கு காலும் ஒவ்வொன்றாக விழும், வேகமெடுத்தால் மூலைக்கு மூலை சோடியாக விழும். உங்கள் இடுப்பு அந்தத் தாளத்தோடு போனால் தொடர்ந்து போ என்று அர்த்தம். நிமிர்ந்து, மூச்சை வெளியே விட்டு, இடுப்பின் அசைவைக் குறைத்தால் அதுவும் குறைக்கும். வார் அதற்குப் பிறகுதான். வேகத்தைக் குறைத்த அந்தக் கணமே விரலைத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதுதான் நீங்கள் அதற்குச் சொல்லும் "சரி". பிடித்தபிடியாக இருந்தால், தான் செய்தது சரியா என்று அதற்குத் தெரியவே வராது.

இதை ஐயா, என் அப்பா, எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். 2009 ஜனவரியில் வட்டக்கச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு என்று மாட்டு வண்டிலில் போனோம். மூட்டைகளைப் பின்னுக்கு ஏற்றியதில் பின்பாரமாகி, நுகம் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாடுகளை நெரித்தது. ஐயா முன்னுக்கு நகர்ந்து என்னையும் முன்னுக்கு வரச் சொன்னார். கயிறு தளர்ந்தது. எறிகணை விழும்போதெல்லாம் நான் மாட்டின் மூக்கில் கோத்த நாணயக் கயிற்றை இறுக்கினேன். அதை வாங்கிக்கொண்டு, "உன்ரை பயத்தை மாட்டுக்குக் குடாதை" என்றார். அவர் கையில் கயிறு தொய்வாகவே கிடந்தது. மாடுகள் நடந்தன.

மாட்டையும் குதிரையையும் ஒன்றாக்குகிறான் என்று யாராவது எழுதுவீர்கள். மாடு இழுக்கிறது, குதிரை சுமக்கிறது, தெரியும். பாரத்தை எங்கே வைக்கிறோம், கயிற்றை எப்போது விடுகிறோம் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

அந்தச் சோடியை உடையார்கட்டில் அவிழ்த்துவிட்டுத்தான் வந்தோம். இப்போது திரும்ப ஒரு சோடி வாங்கலாம் என்றால் எங்கள் பக்கம் மேய்ச்சல் தரை இல்லை. காலபோகம், அதாவது மழைக்கால நெல், விதைத்தபின் மாட்டை எங்கே கொண்டுபோவது? வயலுக்குள் இறங்கினால் வெட்டுகிறார்கள். அதிகாரிகள் கூட்டம் வைக்கிறார்கள், எழுதிக்கொண்டு போகிறார்கள், தரை மட்டும் வரவில்லை. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லைத்தான். மாடு என்று எழுதினால் இது வராமல் இருக்காது.

சரி, உங்கள் விஷயம். அடுத்த முறை ஏறும்போது நடையில் மட்டும் போங்கள். பழக்குபவரிடம் நீளக் கயிற்றைக் கொடுத்துவிட்டு, முழங்காலைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக முழுவதும் விட்டுப் பாருங்கள். குதிரையின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்துக் கீழே எழுதுங்கள்.