உபாத்தி என்றால் ஆசிரியரா?

கேள்வி: ஐயா, கலாத்தியர் 3:24-இல் நியாயப்பிரமாணம் நம்மைக் "கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற உபாத்தியாய் இருந்தது" என்று வாசிக்கிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு உபாத்தி என்றால் ஆசிரியர் என்று சொல்லிக்கொடுத்தேன். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கிரேக்கத்தில் அது ஆசிரியரே அல்ல, பிரம்போடு நிற்கிற ஆள்" என்றார். எது சரி?

பதில்: பெரியவர் சொன்னது முக்கால்வாசி சரி, சகோதரி. நீங்கள் சங்கடப்பட வேண்டாம். கிரேக்கம் கற்பிக்க ஆரம்பித்த புதிதில் நானே இந்த வசனத்தை வைத்து, கரும்பலகை, பரீட்சை, மதிப்பெண் என்று உவமை அடுக்கி ஒரு பிரசங்கம் செய்திருக்கிறேன். நியாயப்பிரமாணம் பாடம் நடத்துகிறதாம், கிறிஸ்து பட்டம் கொடுக்கிறாராம்! நிறைய பேர் வந்து கைகுலுக்கினார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பவுல் எழுதிய சொல் பைடகோகோஸ். 'பைஸ்' என்றால் பிள்ளை, 'அகோ' என்றால் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆக, பிள்ளையைக் கூட்டிப்போகிறவன். பாடம் சொல்பவருக்கு டிடாஸ்கலோஸ் என்று தனிச் சொல் இருக்கிறது. சுவிசேஷங்களில் இயேசுவைப் "போதகரே" என்று அழைக்கும் இடங்களில் வருவது அதுதான். நம் பழைய மொழிபெயர்ப்பில் ரோமர் 2:20-இல் டிடாஸ்கலோஸும் உபாத்தியாயன், 1 கொரிந்தியர் 4:15-இல் பைடகோகோஸும் உபாத்தியாயன். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வசதியான கிரேக்க வீட்டில் பையனுக்கு ஆறேழு வயதானதும் தாதியின் கையிலிருந்து இந்த ஆளின் கைக்கு மாறுவான். பெரும்பாலும் வீட்டு அடிமை. காலையில் பள்ளிக்குக் கூட்டிப்போவான், யாழையோ எழுதுபலகையையோ தூக்கிவருவான், வழியில் யாரும் பையனை அண்டாமல் பார்த்துக்கொள்வான், நடை, உட்காருதல், சாப்பாடு என்று எல்லாவற்றிலும் குறை பிடிப்பான். அடிக்கவும் அவனுக்கு அதிகாரம் உண்டு. தென் இத்தாலியில் கிடைத்த கிரேக்கச் சாடிகளில் அவனை வளைந்த கோலோடு வரைந்திருக்கிறார்கள்.

பிளேட்டோவின் 'லைசிஸ்' உரையாடலைப் படித்த அன்றுதான் என் பிரசங்கம் எனக்கே விழுந்தது. உன்னை யார் அடக்கி ஆள்கிறார்கள் என்று சாக்ரடீஸ் சிறுவன் லைசிஸைக் கேட்கிறார். இதோ இந்தப் பைடகோகோஸ் என்கிறான். அடிமையா? ஆமாம், எங்கள் அடிமைதான். சுதந்திரனை அடிமை ஆள்வதா, வேடிக்கைதான். சரி, அவன் உன்னை என்ன செய்கிறான்? ஆசிரியரிடம் கூட்டிப்போகிறான். ஆசிரியர் வேறு, இவன் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? உரையாடல் முடிகிற இடம் இன்னும் அருமை. நட்பு என்றால் என்ன என்று சாக்ரடீஸ் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, திருவிழாவில் கொஞ்சம் குடித்துவிட்ட பைடகோகோஸ்கள் வந்து, நேரமாச்சு, வீட்டுக்கு வாங்க என்று கொச்சைக் கிரேக்கத்தில் கத்துகிறார்கள். விரட்டினாலும் போகவில்லை. தத்துவம் அத்தோடு கலைந்தது.

எல்லாரும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸ், தன் பொறுப்பில் வளர்ந்த அல்கிபியாதீஸ் என்ற பையனுக்கு வைத்தது வேறு வேலைக்கு உதவாத கிழட்டு அடிமையை. ஆனால் கி.மு. 480-இல் சலமிஸ் கடற்போருக்கு முன் பாரசீகரை ஏமாற்றும் செய்தியை ஏதென்ஸின் தளபதி தெமிஸ்தோக்ளீஸ் யாரிடம் கொடுத்து அனுப்பினார் தெரியுமா? தன் பிள்ளைகளின் பைடகோகோஸ் சிகின்னுஸிடம்.

இப்போது வசனத்துக்கு வருவோம். "வழிநடத்துகிற" என்ற சொல் கிரேக்கத்தில் தனியாக இல்லை. "எய்ஸ் கிறிஸ்டோன்" என்று மட்டும் இருக்கிறது. அதைக் "கிறிஸ்துவிடம்" என்றும் எடுக்கலாம், "கிறிஸ்து வரும்வரை" என்றும் எடுக்கலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு. முந்தின வசனம் காவலைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த வசனம் "விசுவாசம் வந்தபின்பு நாம் உபாத்திக்குக் கீழானவர்களல்லவே" என்கிறது. 4:2-இல் "தகப்பன் குறித்த காலம்வரைக்கும்" என்று வருகிறது. பையன் வளர்ந்ததும் இந்த ஆளின் வேலை முடிந்தது. பவுலுக்கு வேண்டியது அந்த முடிவு. அவன் என்ன கற்பித்தான் என்பது பேச்சே இல்லை. கெட்டவன் என்றும் பவுல் சொல்லவில்லை.

கொரிந்தியரிடம் "பதினாயிரம் உபாத்தியாயர்கள்" என்று எழுதும்போது பவுல் கொஞ்சம் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஒரு பையனுக்குப் பின்னால் பதினாயிரம் பேர் கோலோடு நடந்தால் எப்படி இருக்கும்! அப்பா மட்டும் ஒருவர்தான்.

கேள்வி: எபிரெயர் 12-இல் வரும் "சிட்சை"யும் இதே சொல்லா?

பதில்: ஒரே குடும்பம், வேறு சொல். அது பைடேயா. பழைய கிரேக்கருக்கு அது கல்வி, பண்பாடு. எபிரெய வேதத்தைக் கிரேக்கமாக்கியவர்கள் கண்டித்துத் திருத்துவதைக் குறிக்கும் 'மூசார்' என்ற எபிரெயச் சொல்லுக்கு இதைப் போட்டார்கள். கண்டிப்பு என்ற வாடை அப்படி ஏறியது. லூக்கா ஒரே வினைச்சொல்லை இரண்டு விதமாகவும் எழுதுகிறார். அப்போஸ்தலர் 7:22-இல் மோசே எகிப்தியரின் சாஸ்திரங்களில் கற்பிக்கப்பட்டார். லூக்கா 23:16-இல் பிலாத்து இயேசுவைத் தண்டித்து விடுதலையாக்குவேன் என்கிறான். எந்த அர்த்தம் என்பதை வசனம்தான் சொல்ல வேண்டும், அகராதி சொல்லாது. ஆகவே இந்தச் சொல்லை மட்டும் காட்டிப் பிள்ளைகளை அடிக்க உரிமை கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

கேள்வி: அப்படியானால் பிள்ளைகளுக்கு நான் எந்தச் சொல்லைச் சொல்வது?

பதில்: மனப்பாட வசனத்தில் உபாத்தி அப்படியே இருக்கட்டும். விளக்கும்போது "பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற ஆள்" என்று சொல்லுங்கள். அப்புறம் எவனாவது ஒரு சுட்டிப்பயல், "அவர் நம்ம வேலைக்காரர்தானே, அவர் சொன்னா நாம ஏன் கேக்கணும்?" என்பான். லைசிஸும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டான்.