பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் எப்படி வேலை செய்கிறது? எப்போது போதும்?

சுரப்பிகளையும் இதயத்தையும் குடலையும் கட்டுப்படுத்தும் பாராசிம்பதெடிக் நரம்பின் முனையில் சுரக்கும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை, கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடனுக்குடன் உடைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியை முடக்குவதால் அசிடைல்கோலின் தேங்குகிறது. எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், கண்மணி சுருங்கும், நாடித்துடிப்பு குறையும், நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு அடைக்கும்.

அட்ரோபின் நொதியைச் சரிசெய்யாது. சுரப்பிகளிலும் இதயத்திலும் நுரையீரலிலும் அசிடைல்கோலின் ஒட்டும் இடங்களான மஸ்கரினிக் ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு அசிடைல்கோலினை அண்டவிடாது, அவ்வளவுதான். இது போட்டி என்பதால்தான் மற்ற நோயாளிகளுக்குப் போடாத அளவு தேவைப்படுகிறது: பெரியவர்களுக்கு வழக்கமாக 1 முதல் 3 மி.கி. சிரைவழியாகத் தொடங்கி, பலன் தெரியாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குவார்கள்.

கண்மணி விரிந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேளுங்கள். கரகரப்பு நீங்கி, நாடித்துடிப்பும் சிஸ்டாலிக் (மேல்) இரத்த அழுத்தமும் 80-ஐத் தாண்டியிருக்க வேண்டும். காய்ச்சல், பிதற்றல், குடல் சத்தமே கேட்காத வயிறு என்றால் மருந்து மிஞ்சிவிட்டது. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

எலும்புத் தசைகளில் இருப்பவை நிகோடினிக் ஏற்பிகள். அவற்றை அட்ரோபின் தொடாது. அதனால் நெஞ்சு தெளிந்தபின்னும், அடுத்த சில நாட்கள், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால் அடுத்துத் தளரப்போவது மூச்சுத் தசைகளாக இருக்கலாம். வென்டிலேட்டர் தயாராக இருக்கட்டும்.