கடற்கரைக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

குமரி மாவட்டத்தில் சொத்தவிளைக் கடற்கரைப் பக்கம் ஹோம்ஸ்டே தொடங்கியிருக்கிறீர்கள். விளம்பரத்தில் கோஸ்ட், ஷோர், பீச் மூன்றில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். பீச் என்றே போடுங்கள். உங்கள் விருந்தினர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கப்போகும் அந்த மணல்தான் பீச்.

கோஸ்ட் என்பது வரைபடத்து ஆள். நீரோடி கிராமம் தொடங்கி நம் மாவட்டக் கடலோரம் மொத்தமும் அதற்குள் வந்துவிடும். முட்டத்துப் பாறை, குளச்சல் துறைமுகம், மணவாளக்குறிச்சிக் கருமணல் எல்லாம் சேர்த்து. அதில் விரிப்பு போட்டு உட்கார முடியாது!

ஷோர்தான் ஆளைக் குழப்பும். தண்ணீர் முடிந்து நிலம் தொடங்கும் விளிம்பு அது. பெரும்பாலும் கடலில் இருப்பவர் பார்வையில் வரும். மீன் பிடித்துவிட்டு வள்ளம் வந்து சேர்வது ஷோருக்கு. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கும் ஷோர் உண்டு. ஆனால் குழித்துறையில் தாமிரபரணிக் கரை பேங்க், ஆறென்றால் பேங்க்தான்.

அப்புறம், திருவள்ளுவர் சிலை 'ஆன் தி கோஸ்ட்' என்று எழுதியிருக்கிறீர்கள். 133 அடிச் சிலை கடலுக்குள் இருக்கும் பாறைமேல் அல்லவா நிற்கிறது? அதற்கு 'ஆஃப் தி கோஸ்ட்'. சின்ன மாற்றம்தான், ஆனால் படகு வேண்டுமா வேண்டாமா என்பதையே அது சொல்லிவிடும்.

வீட்டுக்கும் மணலுக்கும் நடுவே ரோடு இருந்தால் 'பீச்ஃபிரண்ட்' மட்டும் போடாதீர்கள். 'நியர் தி பீச்' போதும்; இல்லாவிட்டால் ரிவியூவில் பிடித்துக்கொள்வார்கள்.