வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள், அம்மா

போன வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், அறிவியல் பிரிவு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். நான்கு வருடத்துக்கு ஒன்பது லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பணம் புரட்டுவதாக ஏற்பாடு. மகள் கேட்பதோ செராமிக், அதாவது களிமண்ணில் பாத்திரமும் கலைப்பொருளும் வனைந்து சுடும் படிப்பு. "சட்டி பானை செய்யவா சார் இவ்ளோ படிக்க வச்சோம்?" என்று கேட்கும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அழாதீர்கள் என்றேன். அதற்கு மேல் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று பாதியில் விட்டதை இங்கே முழுதாகச் சொல்கிறேன், அம்மா.

முதலில் அந்தப் பத்திரம். ஒரே ஆள் சம்பளத்தில் ஓடும் வீடு உங்களுடையது. பிடிக்காத படிப்பில் பிள்ளைக்கு அரியர் விழுந்தாலும் வட்டி நிற்காது. உங்கள் தம்பி அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. எனவே வேண்டாம். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இரண்டாவது, அந்தச் 'சட்டி பானை' என்ற பேச்சு. அதில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கொசப்பேட்டையில் செய்த பிள்ளையாரையும் கொலு பொம்மையையும் வாங்கிக் கும்பிடுகிறோம். அதைச் செய்யும் கையை மட்டும் தாழ்வாகப் பேசுகிறோம். உங்கள் மகள் முன்னால் இனி அப்படிப் பேசாதீர்கள்.

அவள் கொண்டுவந்த தட்டைப் பார்த்தேன். எண்ணூர் முகத்துவாரத்தில் பொறுக்கிய சிப்பியை ஈர மண்ணில் அழுத்தி வரி எடுத்திருக்கிறாள், விளிம்பை அலையாத்தி வேர் போல முறுக்கியிருக்கிறாள். அழகுதான். ஆனால் என்னை ஒப்புக்கொள்ள வைத்தது அவளுடைய நோட்டு. எந்தத் தட்டு எந்த நாளில் விரிசல் விட்டது, விளிம்பு முதலில் காய்ந்து நடுப்பகுதி ஈரமாக இருந்ததால்தானா, அடுத்த முறை விளிம்பில் ஈரத்துணி போட்டதும் என்ன ஆனது என்று பதினோரு தட்டுகளுக்கு எழுதி வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு பிள்ளை இதைச் செய்தால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ள முடியாது.

"சயின்ஸ் படிச்சது வீணாப் போயிடுமே" என்று அப்பா கேட்டார். வீணாகாது. சூளைக்குள் நடப்பது முழுக்க அறிவியல். மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும்போது வேகமாகச் சூடேற்றினால் நீராவி பாத்திரத்தை உடைத்துவிடும். 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். முதல் சுடுதல் ஏறக்குறைய 1000 டிகிரி. அப்புறம் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசி மறுபடி சுட வேண்டும், கல் போல இறுகும் ஸ்டோன்வேர் என்றால் 1200-க்கு மேல். கிளேஸில் கலக்கும் அதே இரும்பு ஆக்சைடு, சூளையில் காற்று தாராளமாக இருந்தால் தேன் நிறமும் பழுப்பும் தரும். காற்றைக் குறைத்தால் பாசிப்பச்சை தரும். கடலோரப் பாசியின் நிறத்தைத் தட்டில் கொண்டுவர ஆசைப்படும் பெண்ணுக்கு இதைவிட நல்ல வேதியியல் பாடம் எனக்குத் தெரியவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சில் பெர்னார்ட் பாலிசி என்பவர் சிப்பி, மீன், பல்லி ஆகியவற்றை அச்செடுத்துத் தட்டுகளில் பதித்தார். அதற்கான கிளேஸைக் கண்டுபிடிக்க அவருக்குப் பல வருடங்கள் பிடித்தன. உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எங்கே படிப்பது? சென்னை ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியில். 1850-இல் தொடங்கியது. ஓவியம், சிற்பம் இருப்பது பலருக்குத் தெரியும், செராமிக் பிரிவு இருப்பது தெரியாது. நான்கு வருட பி.எஃப்.ஏ., அதாவது கவின் கலையில் இளங்கலைப் பட்டம். திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கிக்கொள்ளலாம், விடுதிச் செலவு இல்லை. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் உங்கள் தம்பி சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. சேர்க்கைக்கு வரைதிறன் தேர்வு உண்டு, அதனால் இப்போதிருந்தே தினமும் பென்சில் பிடிக்கட்டும். பிறகு மேலே படிக்க விரும்பினால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) செராமிக், கண்ணாடி வடிவமைப்புக்கென்றே முதுகலை இருக்கிறது. பட்டறையில் நின்று கற்க விரும்பினால் புதுச்சேரியில் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறை இருக்கிறது. இன்று நாட்டில் பெயர் சொல்லும் செராமிக் கலைஞர்களில் பலர் அங்கே கற்றவர்கள்.

வருமானத்தைப் பற்றி மறைக்கமாட்டேன். படிப்பு முடிந்ததும் கம்பெனி வீட்டுக்கு வந்து அழைக்காது. முதல் சில வருடம் ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. உத்தரப் பிரதேசத்தில் குர்ஜாவின் பாத்திரத் தொழிலிலும் குஜராத்தில் மோர்பியின் டைல்ஸ் தொழிலிலும் வடிவமைப்பு வேலை உண்டு, ஆனால் ஊரை விட்டுப் போக வேண்டும். அவளே தனியாகச் செய்து விற்க நினைத்தால், எடுத்த எடுப்பில் சொந்தச் சூளை வாங்கக் கூடாது. இரண்டு மூன்று வருடம் மற்றவர் சூளையில் வாடகைக்குச் சுட்டுக்கொள்ளட்டும். கடன் இல்லாத வீட்டுப் பிள்ளையால் அந்த மெலிந்த வருடங்களைத் தாங்க முடியும். பத்திரத்தைத் தொட வேண்டாம் என்று நான் சொன்னது இதற்காகவும்தான்.

சனிக்கிழமை அவளைக் கொசப்பேட்டைக்கு அழைத்துப் போங்கள், அப்பாவும் கூட வரட்டும். அரை நாள் நின்று பாருங்கள். அங்கே வேலை செய்பவர்களிடம் அவள் என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள். அப்புறம் என்னைப் பாருங்கள், உங்கள் தம்பியையும் அழைத்து வாருங்கள். சீட்டுக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் ரசீதையும் எடுத்து வாருங்கள். திரும்ப வாங்குவதற்கான கடிதத்தை அன்றே எழுதிவிடலாம்.